ஒரு திங்கட்கிழமையைக் கேளுங்கள்

(தில்லி வாழ் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று கல்விக் கொள்கை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கட்சி ஆவணங்களைத் தமிழாக்கி வருபவன் என்பதால், அவற்றில் உள்ளவை எனக்கு விளங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில் இட்ட பணி அது. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்ததையும், அது இன்றுவரை நிறைவேறாததையும் நான் எத்தனை முறை தமிழில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் சென்ற கூட்டம் முடிந்த வேளையில், ஆசிரியப் பயிற்சியில் சேரவிருக்கும் இளந்தோழர் ஒருவர் என்னை அணுகி, "நாள் முழுவதும் ஓர் ஆசிரியர் செய்கிற வேலைதான் என்ன, தோழர்?" என்று கேட்டார். அருகிலிருந்த சிலர் சிரித்தார்கள். பாடம் நடத்துவதுதான், வேறென்ன என்றார் ஒருவர். எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

நெசவாளியின் வேலைநாளைப் பற்றியும் சுரங்கத் தொழிலாளியின் வேலைநாளைப் பற்றியும் இதே வட்டத்தில் மணிக்கணக்கில் படித்திருக்கிறோம். நம் எல்லோரையும் எழுத்தறிவித்த ஒருவரின் வேலைநாளை நாம் விசாரித்ததே இல்லை. ஆகவே கொள்கையைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைத்து, ஓர் ஆசிரியையிடம் மூன்று மாலைகள் அமர்ந்து கேட்டுவந்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

அவர் உத்தரப்பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், பீகார் எல்லையை ஒட்டிய ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 1982இல் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து, மூன்று கிராமங்களில் 36 ஆண்டுகள் பணியாற்றி, 2018இல் ஓய்வு பெற்றார். இப்போது மகனோடு கிழக்குத் தில்லியில் வசிக்கிறார். தம் பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஆசிரியையைப் 'பஹன்ஜி', அதாவது அக்கா என்று அழைப்பார்கள். நானும் அவ்வாறே அழைத்தேன்.

முதல் மாலை முப்பது கேள்விகள் எழுதிய தாளோடு போனேன். இப்பணியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது முதல் கேள்வி. "வெளியே போய்ச் செய்வதற்கு வீட்டில் ஒப்புக்கொண்ட ஒரே வேலை அதுதான்" என்று முடித்துவிட்டார். ஆசிரியப் பணியின் முதன்மையான சவால்கள் யாவை என்பது அடுத்தது. அவர் கைநீட்டித் தாளை வாங்கிப் பார்த்தார். "பாய் சாஹப், இது மேலிடத்திலிருந்து வரும் படிவம் போல இருக்கிறது. எத்தனை பிள்ளைகள், எத்தனை தட்டுகள், எத்தனை சீருடைகள் என்று என் காலத்தில் நூற்றுக்கணக்கான படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எப்படிக் கற்றுக்கொடுத்தாய் என்று கேட்ட படிவம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் ஒரு திங்கட்கிழமையைக் கேளுங்கள், சொல்கிறேன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நம் மரபில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. மார்க்ஸ் 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கென்று ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, இயந்திரத்துக்குக் காப்பு உண்டா, கூலி எந்த நாளில் எவ்விதம் தரப்படுகிறது என்று கேட்கும் பட்டியல் அது. லெனினும் தம்மிடம் வந்த ஒரு தொழிலாளியை ஆலையின் ஒவ்வொரு மூலையைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டு, இதற்கு மிகைநேர வேலையே மேல் என்று அவர் நெற்றி வியர்வையைத் துடைக்கும்படி செய்ததைத் தாமே குறித்திருக்கிறார். இவ்விரண்டையும் அறிந்த நான்தான் 'சவால்கள் யாவை' என்று எழுதிக்கொண்டு போனேன்! தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

1980களின் நடுப்பகுதியில் ஒரு திங்கட்கிழமை. இரண்டு அறைகள், ஒரு தாழ்வாரம், ஐந்து வகுப்புகள், 118 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த 'கரும்பலகைத் திட்டம்', இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் ஒரு பள்ளிக்குக் குறைந்தபட்சத் தேவை என்றது. அந்தக் குறைந்தபட்சம் அப்பள்ளியில் முன்பே இருந்ததால், திட்டத்தால் அங்கே எதுவும் மாறவில்லை. தலைமையாசிரியர் வாரத்தில் இரண்டு நாள் பதிவேடுகளோடு வட்டார அலுவலகத்துக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் 118 பேருக்கும் ஒருவரே ஆசிரியர்.

ஐந்து வகுப்புகளை ஒருவர் எப்படி நடத்துவது? ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது மற்ற நான்கு வகுப்புகளும் தாமாகச் செய்யும் வேலை ஒன்றைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் கூச்சல் எழும். பிள்ளைகளுக்கு எட்டாததாக இருந்தால் அழுகையோ உறக்கமோ வரும். ஐந்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் கணக்கு, நான்காம் வகுப்புக்கு இருவர் இருவராகப் படித்துக்காட்டல், மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதெழுதல். அதைச் சொல்பவர் ஐந்தாம் வகுப்பு மாணவி. தாழ்வாரத்தில் முதலிரு வகுப்புகளுக்குப் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கும் வேலை. "எந்த வேலை எந்தக் கூட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம் தாங்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. முந்தின இரவு ரொட்டி சுடும்போது யோசித்துவைப்பேன்" என்றார். அந்த இரவுநேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 'ஈராசிரியர் பள்ளி' என்ற தொடரை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அத்தொடருக்குள் இத்தனை உழைப்பு அடங்கியிருப்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இனி நான் சொல்லப்போவது, மொழி பயின்றவன் என்ற முறையில் என்னை மிகவும் ஆட்கொண்ட செய்தி. இந்தி அரிச்சுவடியில் 'அ'வுக்கு 'அனார்', அதாவது மாதுளை. 'ஆ'வுக்கு 'ஆம்', மாம்பழம். 'இ'க்கு 'இம்லி', புளி. 'ஈ'க்கு 'ஈக்', கரும்பு. நம் ஆசிரியை பணியாற்றியது கரும்புச் சீமை. பள்ளிச் சுவரைத் தாண்டினால் கரும்புத் தோட்டம். படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டதும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் 'ஊக்' என்றார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது போஜ்புரி. போஜ்புரியில் கரும்புக்கு 'ஊக்' என்றுதான் பெயர். முதல் இரண்டு ஆண்டுகள் அவர் அதைத் தவறு என்றே திருத்திவந்தார். அவரும் வீட்டில் 'ஊக்' என்று சொல்லி வளர்ந்தவர்தான். ஆயினும் பயிற்சிப் பள்ளி அவருக்குக் கற்றுத்தந்தது அப்படித்தான்.

மூன்றாம் ஆண்டில் ஒரு சிறுவன். கரும்பு வெட்டும் கூலியின் மகன். திருத்தப்பட்ட அன்றிலிருந்து அவன் வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். "அவனுக்குத் தெரிந்த பொருள் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது கரும்பு. அதன் பெயரே உனக்குத் தெரியாது என்று நான் சொல்லிவிட்டேன். பிறகு எதை நம்பி அவன் வாய் திறப்பான்?" என்று என்னைக் கேட்டார். அவர் பிறகு செய்தது எளிய காரியம். பிள்ளைகள் சொன்ன சொல்லையே பலகையில் எழுதி, அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்டார். 'ஊ' என்றார்கள். அரிச்சுவடி 'ஊ'வுக்கு வைத்திருந்த கம்பளிநூல் படத்தை விட்டுவிட்டு, அன்று 'ஊ'வைக் கரும்பிலிருந்தே கற்பித்தார். புத்தகத்தில் இதையே 'ஈக்' என்பார்கள், நகரத்தில் 'கன்னா' என்பார்கள், ஒரு கரும்புக்கு மூன்று பெயர் என்று மறுநாள் சொல்லிக்கொடுத்தார். மேற்பார்வைக்கு வந்த அலுவலர் இதைக் கண்டு, பாடநூலை மீறியதாகக் குறிப்பெழுதிவிட்டுப் போனார்.

2011 கணக்கெடுப்பில் போஜ்புரியைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 5 கோடிக்கும் மேல். அவர்கள் எல்லோரும் இந்தி என்ற தலைப்பின்கீழ்ச் சேர்க்கப்பட்டார்கள். இந்தித் திணிப்பு என்று நாம் பேசும்போது, அது தெற்கை நோக்கி மட்டும் பாய்வதாக எண்ணிக்கொள்கிறோம். ஆறு வயது போஜ்புரிக் குழந்தையின் வாயில் அது முதல் நாளே திணிக்கப்படுகிறது. எந்த மொழிக் கொள்கை ஆவணத்திலும் எனக்குக் கிட்டாத இப்பாடத்தை ஒரு தாழ்வாரத்துக் கரும்பலகை கற்றுத்தந்தது.

பிள்ளையின் தவற்றுக்குள் ஒரு காரணம் இருக்கும், அதைக் கேட்டறிவதே தம் வேலையில் பாதி என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தை மடமையால் எழுதவில்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொன்னதை அப்படியே நம்பி, 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ள ஒரு நிமிடம் அக்குழந்தையின் அருகே உட்கார வேண்டும். 118 பேருக்கு ஆளுக்கொரு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம்.

அந்த ஒரு நிமிடம் கிட்டாமற்போனதன் விளைவையும் அவர் மறைக்காமல் சொன்னார். 1990-91 கல்வியாண்டில் நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பள்ளியிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. மேற்பார்வைக்கு வருவோரிடம் அவளது குறிப்பேட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் பிறகு மே, ஜூன் மாதங்களில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் தேர்தல். வீடு வீடாகக் கணக்கெடுப்பது, வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது, பயிற்சிக்குப் போவது என்று வாரக்கணக்கில் அவர் வகுப்பில் இல்லை. திரும்பி வந்து, ஒரு நாள் தற்செயலாக, பாடநூலில் இல்லாத ஒரு வரியைப் பலகையில் எழுதி அவளைப் படிக்கச் சொன்னார். அவளால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க இயலவில்லை. நான்கு ஆண்டுகளாக எழுத்துகளை ஓவியம் போல் பார்த்து வரைந்துவந்திருக்கிறாள். அமைதியானவள், தொல்லை தராதவள் என்பதால் எவர் கண்ணிலும் படவில்லை. அடுத்த ஆண்டு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்துக்கொண்டார்கள். "அவள் குறிப்பேட்டுக்கு நான் மூன்று முறை 'மிக நன்று' போட்டிருக்கிறேன்" என்றார் பஹன்ஜி. நெடுநேரம் வேறெதுவும் பேசவில்லை. அன்றைய மாலை அதோடு முடிந்தது.

இரண்டாம் மாலை, சூழலை இலேசாக்கலாமென்று, நன்னூல் ஆசிரியரைப் பற்றிச் சொல்வதை இந்தியில் விளக்கினேன். முதுகலையில் படித்த பெருமை எளிதில் போய்விடுமா? நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாகச் சொல்லும் அந்நூல், ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் சொல்கிறது. அவற்றில் ஒன்று பருத்திக் குண்டிகை: குறுகிய வாயுடைய குடுவையில் பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் திணிக்கலாம், சிறிது சிறிதாகத்தான் எடுக்கலாம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்கள் பண்டிதர் முதல் வகுப்புக்குப் பாடம் நடத்தியதில்லை" என்றார். பவணந்தியாருக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சொற்களைப் பற்றிய பேச்சு அங்கிருந்து வேறிடத்துக்குப் போயிற்று. 2000ஆம் ஆண்டையொட்டி அவர் பள்ளிக்கு ஓர் இளம்பெண் 'சிக்ஷா மித்ரா'வாக வந்து சேர்ந்தார். நிரந்தர ஆசிரியரை நியமித்தால் ஆகும் செலவைத் தவிர்க்க உத்தரப்பிரதேச அரசு கண்டுபிடித்த பதவி அது. அதே அறை, அதே மணியோசை, அதே பிள்ளைகள். வருவாய் மட்டும் பஹன்ஜி பெற்றதில் ஒரு சிறு பகுதி. இந்தப் பதவிப் பெயரை ஒருமுறை நான் 'கல்வித் தோழர்' என்று மொழிபெயர்த்து, பொருத்தமான சொல் அமைந்துவிட்டதாக மகிழ்ந்திருக்கிறேன். தோழருக்குச் சம்பளம் எதற்கு என்று அரசு கேட்பதற்கான இடத்தை அந்தப் பெயரே உண்டாக்கித் தருகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. அவர்கள் பெறும் தொகைக்கும் 'ஊதியம்' என்று பெயரில்லை, 'மதிப்பூதியம்'. சொல்லில் மதிப்பைக் கூட்டித் தொகையில் குறைத்துவிட்டார்கள்.

2014 முதல் இவர்களில் சுமார் 1,37,000 பேர் உதவி ஆசிரியர்களாக ஈர்த்துக்கொள்ளப்பட்டார்கள். தகுதித் தேர்வில் தேறாதவர்கள் என்ற காரணத்தால் அலகாபாத் உயர்நீதிமன்றம் 2015 செப்டம்பரில் அதை நீக்கியது. உச்சநீதிமன்றம் 2017 ஜூலையில் உறுதிசெய்தது. அந்தப் பெண்ணின் மாத வருவாய் 10,000 ரூபாயாகச் சரிந்தது. அவர் மறுநாளும் அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தினார். ஆசிரியருக்குத் தகுதி வேண்டும் என்பதில் பஹன்ஜிக்கு ஐயமில்லை, நமக்கும் இருக்கக்கூடாது. ஆனால் தகுதியில்லாதவர் என்று சொல்லப்பட்டவரிடம் ஏழைப் பிள்ளைகளை ஒப்படைத்தது யார், தகுதி பெறுவதற்கான பயிற்சியை உரிய காலத்தில் தராதது யார் என்று அவர் கேட்டார். அவர் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளை அந்தப் பெண்ணிடம்தான் அனுப்புவார்களாம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருப்பதால் விரைந்து சொல்லிக் கடக்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி 118 பிள்ளைகளுக்கு நான்கு ஆசிரியர்கள் வேண்டும். அதன் 27ஆம் பிரிவு, கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை மட்டும் விலக்கு. அந்த விலக்கின் பொருள் என்ன என்பதை நாடு 2021இல் கண்டது. கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த ஏப்ரல் மாதத்தில் உத்தரப்பிரதேசத்தில் ஊராட்சித் தேர்தல் நான்கு கட்டங்களாக நடத்தப்பட்டது. தேர்தல் பணியாற்றிய ஆசிரியர்களும் கல்வித்துறை ஊழியர்களுமாக 1,621 பேர் இறந்ததாக ஆசிரியர் சங்கம் பட்டியல் வெளியிட்டது. அரசோ மூவர் என்றது. வீட்டிலிருந்து பணிக்குப் புறப்பட்டு மீண்டும் வீடு திரும்புவதற்குள் இறந்தால்தான் பணிக்கால மரணம் என்பது விதியாம்! கண்டனங்கள் எழுந்த பின், பணி நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணமும் கணக்கில் கொள்ளப்படும் என்று விதியை மாற்றினார்கள். பஹன்ஜி அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவரோடு பணியாற்றிய இருவர் அந்த மே மாதத்தில் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவருக்குக் கணக்குப் பாடம் நடத்துவதில் தம்மைவிடத் தேர்ச்சி அதிகம் என்று சொன்னார். இரங்கல் குறிப்புகளில் அதை எவரும் எழுதவில்லை என்பது அவர் வருத்தம்.

மூன்றாம் மாலை அவர் என்னைக் கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்த கல்வித் தீர்மானம் ஒன்றைப் பற்றி முன்னரே சொல்லியிருந்தேன். "அது எத்தனை பக்கம்?" பதினெட்டு என்றேன். "ஒரு குழந்தை எப்படிப் படிக்கக் கற்கிறது என்று அதில் ஒரு வரியாவது உண்டா?" மனத்துக்குள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். நிதி ஒதுக்கீடு இருந்தது, தனியார்மயம் இருந்தது, காலிப் பணியிடங்கள் இருந்தன. எல்லாம் வேண்டியவையே, ஒன்றைக்கூட விட்டுவிடச் சொல்லமாட்டேன். அவர் கேட்ட வரி மட்டும் இல்லை. இல்லை என்று ஒப்புக்கொண்டேன். சங்கத்தின் போராட்டங்கள் அனைத்திலும் தாம் கலந்துகொண்டதாகவும், 'பணியிடத்தை நிரப்பு' என்று முழக்கமிட்டதாகவும், அந்த இடத்தில் அமர்பவர் செய்யும் வேலையைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசக் கேட்டதில்லை என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்வது போலவே சொன்னார்.

சென்ற கூட்டத்தில் கேட்ட இளந்தோழருக்கு என்னால் தர முடிந்தது இவ்வளவே. பயிற்சியில் சேருமுன் அவரும் ஓர் ஆசிரியரைத் தேடிப் போகட்டும். நீங்களும் உங்கள் குடியிருப்பில் ஒருவரைத் தேடுங்கள். தில்லியின் நகராட்சிப் பள்ளிகளில் பணியாற்றுவோர் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். கருத்துகளைக் கேட்காதீர்கள். நேற்று முதல் மணியில் என்ன செய்தீர்கள், எந்தப் பிள்ளை எதைத் தவறாகச் சொன்னது, நீங்கள் பதிலுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை வைத்துக்கொண்டு அந்தத் தீர்மானத்தை மறுபடி படிப்போம்.

விடைபெறும்போது, தமிழ் எழுத்துகளைக் காட்டுமாறு கேட்டார். என் கேள்வித்தாளின் பின்புறத்தில் 'இ' என்று எழுதினேன். எங்கள் அரிச்சுவடியில் இதற்கு என்ன படம் என்று கேட்டார். இலையின் படம், சொல் 'இலை' என்றேன். பேனாவை வாங்கி, எழுத்தின் அருகே தாமே ஓர் இலையை வரைந்தார்.

"வீட்டில் பிள்ளைகள் இதை என்னவென்று சொல்வார்கள்?"

"எலை."

"அது எந்த எழுத்தில் தொடங்குகிறது?" என்று கேட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.